வீடியோ லாட்டரியும் அரசின் ஒழுங்குமுறையும்: தெற்கு டகோட்டா மாநிலத்தின் வரலாறு

மதுக்கூடம், உணவகம் போன்ற இடங்களில் வைக்கப்பட்டுள்ள மின்னணுச் சூதாட்ட இயந்திரங்களை மாநில அரசின் லாட்டரித் துறை ஒரு மையக் கணினியுடன் இணைத்து, கண்காணித்து, வருவாயில் பங்கு பெறும் முறைக்கு வீடியோ லாட்டரி என்று பெயர். ஐக்கிய அமெரிக்காவில் இம்முறையை முதலில் தொடங்கிய மாநிலம் தெற்கு டகோட்டா ஆகும். அங்கு 1989 அக்டோபர் 16 அன்று இயந்திரங்கள் இயங்கத் தொடங்கின. பின்னர் ஓரிகன், மேற்கு வர்ஜீனியா, ரோட் தீவு, டெலவேர் முதலிய மாநிலங்களும் கனடாவின் பல மாகாணங்களும் இதே போன்ற முறைகளை ஏற்றுக்கொண்டன.

ஒரு சூதாட்டத்தைத் தடை செய்யாமல், அரசே அதற்கு விதிகள் வகுத்து நடத்தினால் என்ன ஆகும் என்பதை அறிய விரும்புவோருக்குத் தெற்கு டகோட்டாவின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டாகும். விதி வகுப்பவரும் வருவாயில் பங்கு பெறுபவரும் ஒருவரே ஆகும்போது எழும் சிக்கல், இவ்வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

பெயரும் பொருளும்

லாட்டரி என்றதும் நம் நினைவுக்கு வருவது சீட்டு. சீட்டு வாங்கியவர் குலுக்கல் நாள் வரை காத்திருப்பார். சுரண்டல் சீட்டானால் கடை வாசலிலேயே முடிவு தெரிந்துவிடும். இரண்டிலும், அடுத்த முறை ஆட மீண்டும் பணம் கொடுத்து இன்னொரு சீட்டு வாங்க வேண்டும்.

வீடியோ லாட்டரியில் சீட்டு இல்லை, குலுக்கலும் இல்லை. ஆடுபவர் ஒரு திரையின் முன் அமர்ந்து பணத்தாளை இயந்திரத்தில் செலுத்துகிறார். போக்கர், பிளாக்ஜாக், கீனோ, பிங்கோ ஆகிய ஆட்டங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்துகிறார். எண்களைத் தற்செயலாகத் தெரிவு செய்யும் மென்பொருள் சில நொடிகளில் முடிவைக் காட்டிவிடுகிறது. வென்ற தொகை இயந்திரத்தின் கணக்கிலேயே சேர்கிறது. ஆட்டத்தை முடிக்கும்போது இயந்திரம் ஒரு சீட்டை அச்சிட்டுத் தரும். அதைக் கடைக்காரரிடம் கொடுத்துப் பணம் பெறலாம்.

இந்த இயந்திரத்தின் மூலம் 1970களின் பிற்பகுதியில் நெவாடாவில் பரவிய வீடியோ போக்கர் ஆகும். காசினோவில் இருந்தால் அது சூதாட்ட இயந்திரம்; அதையே அரசின் லாட்டரித் துறை நடத்தினால் லாட்டரி. இந்தப் பெயர் மாற்றம் சட்டப்படி செல்லுமா என்ற கேள்விதான் பின்னர் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

தோற்றத்துக்கான சூழல்

தெற்கு டகோட்டா பரப்பில் பெரியது; மக்கள்தொகையில் மிகச் சிறியது. 1990 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 7 லட்சம் பேர். வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் முதன்மைத் தொழில்கள். தனிநபர் வருமான வரி அங்கு இல்லை. அரசின் செலவுகளுக்கு விற்பனை வரியையும், பள்ளிகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் சொத்து வரியையும் நம்பியிருக்க வேண்டிய நிலை. 1980களில் அமெரிக்க நடுமேற்குப் பகுதி முழுவதையும் வாட்டிய வேளாண் நெருக்கடி இம்மாநிலத்தையும் தாக்கியது. நிலத்தின் விலை சரிந்தது. கடன் சுமை தாங்காமல் பல குடும்பங்கள் பண்ணைகளை இழந்தன. வரியை உயர்த்தாமல் வருவாய் தேட வேண்டிய கட்டாயம் அரசுக்கு ஏற்பட்டது.

அதுவரை மாநில அரசியலமைப்பு லாட்டரியையும் வாய்ப்பு விளையாட்டுகளையும் தடை செய்திருந்தது. 1986 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், அரசு நடத்தும் லாட்டரிக்கு மட்டும் விலக்கு அளிக்கும் திருத்தத்தை மக்கள் ஏற்றனர். 1987இல் சுரண்டல் சீட்டுகள் விற்பனைக்கு வந்தன. 1988இல் இன்னொரு வாக்கெடுப்பின் வழியாக, பழைய தங்கச் சுரங்க நகரமான டெட்வுட்டில் மட்டும் காசினோ நடத்த அனுமதி கிடைத்தது. அந்நகரின் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப் பணம் திரட்டுவது அதன் நோக்கம்.

1989இல் மாநிலச் சட்டமன்றம் வீடியோ லாட்டரிக்கு அனுமதி அளித்தது. இதற்கெனத் தனி வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. 1986 திருத்தத்திலுள்ள ‘லாட்டரி’ என்ற சொல்லே போதுமானது என்று சட்டமன்றம் கருதியது. டெட்வுட் காசினோக்கள் 1989 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்டன. அதற்கு இரு வாரங்களுக்கு முன்பே வீடியோ லாட்டரி இயந்திரங்கள் மாநிலத்தின் மற்ற ஊர்களில் இயங்கத் தொடங்கிவிட்டன. காசினோ ஒரே ஒரு நகரத்துக்கு என்று மக்கள் வரையறுத்திருக்க, அதை ஒத்த ஆட்டம் வேறொரு பெயரில் ஊர்தோறும் சென்று சேர்ந்தது.

ஒழுங்குமுறையின் அமைப்பு

தெற்கு டகோட்டா வகுத்த விதிகள் கவனமாக அமைந்தவை. பிற்காலத்தில் மற்ற மாநிலங்களும் பின்பற்றிய அவற்றின் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

1. உரிமம்: இயந்திரத்தைத் தயாரிப்பவர், விநியோகிப்பவர், சொந்தமாக வைத்து இயக்குபவர், அதற்கு இடம் தரும் கடைக்காரர் ஆகிய நால்வருக்கும் தனித்தனி உரிமம் தேவை.

2. இடம்: மது பரிமாறும் உரிமம் பெற்ற இடங்களில் மட்டுமே இயந்திரம் வைக்கலாம். ஓர் உரிமத்துக்கு 10 இயந்திரங்களே உச்ச வரம்பு.

3. வயது: 21 நிறைந்தவர்கள் மட்டுமே ஆடலாம்.

4. பணம்: ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சப் பந்தயம் 2 டாலர், அதிகபட்சப் பரிசு 1,000 டாலர்.

5. திரும்பத் தரும் விகிதம்: பந்தயமாக வரும் தொகையில் 80 முதல் 95 விழுக்காடு வரை பரிசாகத் திரும்ப வேண்டும்.

6. மையக் கணினி: ஒவ்வொரு இயந்திரமும் தொலைபேசி இணைப்பின் வழியாக லாட்டரித் துறையின் கணினியுடன் பேசும். எவ்வளவு பணம் உள்ளே சென்றது, எவ்வளவு வெளியே வந்தது என்பது பதிவாகும். தேவையானால் இயந்திரத்தைத் தொலைவிலிருந்தே நிறுத்தலாம்.

இயந்திரங்களின் உரிமை அரசிடம் இல்லை. தனியார் நிறுவனங்களிடம் இருந்தது. உள்ளே சென்ற பணத்திலிருந்து வெளியே வந்த பணத்தைக் கழித்தால் கிடைப்பது நிகர வருவாய். அதை அரசும் தனியாரும் பங்கிட்டுக்கொண்டனர். தொடக்கத்தில் அரசின் பங்கு கால் பகுதிக்கும் சற்றுக் குறைவு. சில ஆண்டுகளிலேயே அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. 1995இல் பாதியாக உயர்த்தப்பட்டது.

நிகர வருவாய் என்பது ஆடியவர்கள் இழந்த பணத்தின் மொத்தமேயாகும். எனவே அரசுக்குக் கிடைத்த ஒவ்வொரு டாலருக்கும் ஆடியவர்கள் இரண்டு டாலர் இழந்திருந்தனர்.

90 விழுக்காட்டின் கணக்கு

திரும்பத் தரும் விகிதம் 90 விழுக்காடு என்று கேட்பவர், 100 டாலருடன் சென்றால் 90 டாலருடன் திரும்பலாம் என எண்ணக்கூடும். கணக்கு அவ்வாறு அமைவதில்லை. இந்த விகிதம் கையிலுள்ள பணத்துக்கு உரியதன்று. ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனித்தனியே உரியது.

ஒருவர் ஓர் ஆட்டத்துக்கு 1 டாலர் வீதம், நிமிடத்துக்கு 10 ஆட்டம் ஆடுகிறார் எனக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 600 ஆட்டங்கள். பந்தயத் தொகை 600 டாலர். அதில் 10 விழுக்காடு, அதாவது 60 டாலர், சராசரி இழப்பு. இரண்டு டாலர் வீதம் ஆடினால் இழப்பு 120 டாலர். வென்ற பணமும் மீண்டும் மீண்டும் பந்தயமாகவே உள்ளே செல்வதால், எடுத்துச் சென்ற பணம் முழுவதும் கரைவதற்குச் சில மணி நேரமே போதும்.

ஓர் ஆட்டத்துக்கு 2 டாலர் என்ற வரம்பு ஒரே அடியில் பெரும் இழப்பு நேராமல் தடுத்தது உண்மை. ஆனால் ஒரு நாளில் எத்தனை ஆட்டம், எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு இழப்பு என்பவற்றுக்கு அந்தத் தொடக்கக்கால விதிகளில் வரம்பு இல்லை. இயந்திரம் நேர்மையாக இயங்குகிறதா என்பதை மையக் கணினி அறிந்தது. அதன் முன் அமர்ந்திருப்பவரின் நிலையை அறிய அதற்கு வழியில்லை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 1994

வீடியோ லாட்டரி மிக விரைவாகப் பரவியது. மதுக்கூடங்களின் மூலையில் இருந்த இயந்திரங்களுக்காகவே சிறு கடைகள் தோன்றின. பீர் விற்கும் உரிமம் பெற்று, முழு வருவாயையும் இயந்திரங்களிலிருந்தே ஈட்டிய அவை தம்மைக் காசினோ என்றே அழைத்துக்கொண்டன. எதிர்ப்பும் எழுந்தது. 1992இல் வீடியோ லாட்டரியை நீக்கக் கோரும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது.

அடுத்து வழக்கு வந்தது. 1986இல் மக்கள் அனுமதித்தது லாட்டரியை மட்டுமே. வீடியோ லாட்டரி உண்மையில் லாட்டரி ஆகாது என்பது வாதம். 1994 ஜூன் 22 அன்று மாநில உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்றது. அரசியலமைப்பு லாட்டரியையும் வாய்ப்பு விளையாட்டையும் தனித்தனியே குறிப்பிட்டிருப்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. சீட்டுகளை விற்றுக் குலுக்கலால் பரிசளிப்பதே லாட்டரி என்ற வழக்கமான பொருளில்தான் மக்கள் அச்சொல்லுக்கு வாக்களித்தனர். திரையில் ஆடும் போக்கர் அதற்குள் அடங்காது. ஆகவே வீடியோ லாட்டரி அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

இதே கேள்விக்கு ஓரிகன் மாநிலத்தில் வேறு விடை கிடைத்தது. 1992இல் அங்கு அரசே இயந்திரங்களைச் சொந்தமாக வைத்து வீடியோ போக்கரைத் தொடங்கியிருந்தது. அதுவும் லாட்டரியே என ஓரிகன் உச்ச நீதிமன்றம் 1994இல் ஏற்றுக்கொண்டது. ஒரே ஆண்டில், ஒரே சொல்லுக்கு, இரு மாநிலங்களில் இருவேறு பொருள்.

இயந்திரங்கள் நின்ற மூன்று மாதங்கள்

தீர்ப்பையடுத்து 1994 ஆகஸ்ட் நடுவில் தெற்கு டகோட்டாவின் எல்லா இயந்திரங்களும் நிறுத்தப்பட்டன. அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் பெரும் துளை விழுந்தது. வீடியோ லாட்டரியை வெளிப்படையாக அனுமதிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று நவம்பர் வாக்கெடுப்புக்கு வைக்கப்பட்டது. அது குறுகிய பெரும்பான்மையில் வென்றது. நவம்பர் பிற்பகுதியில் இயந்திரங்கள் மீண்டும் இயங்கின.

இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆய்வாளர்களுக்கு அரிய வாய்ப்பாக அமைந்தன. ஒரு சூதாட்டத்தை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் நிறுத்தி, பின்பு மீண்டும் தொடங்கிப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிட்டாது. மாநிலத்தின் மருத்துவ ஆய்வாளர்கள் சூதாட்ட அடிமைத்தனத்துக்கான சிகிச்சை மையங்களின் பதிவுகளை ஒப்பிட்டு 1996இல் முடிவுகளை வெளியிட்டனர். இயந்திரங்கள் இயங்கியபோது உதவி கேட்டு மாதந்தோறும் சராசரியாக 60க்கும் மேற்பட்ட விசாரணைகள் வந்துகொண்டிருந்தன. இயந்திரங்கள் நின்ற காலத்தில் அவை 10 என்ற அளவுக்குக் குறைந்தன. மீண்டும் தொடங்கியபின் 20க்கு மேல் உயர்ந்தன. சிகிச்சை பெற்றவர்களின் எண்ணிக்கையும் அவ்வாறே விழுந்து எழுந்தது.

இந்த மூன்று மாதங்களிலும் டெட்வுட் காசினோக்கள் திறந்தே இருந்தன. சுரண்டல் சீட்டுகளும் விற்கப்பட்டன. நின்றுபோனவை வீட்டுக்கு அருகில், வேலைக்குப் போகும் வழியில் இருந்த இயந்திரங்கள் மட்டுமே. ஆட விரும்புபவர் எப்படியும் வேறொரு சூதாட்டத்தைத் தேடிப் போவார் என்ற வழக்கமான வாதத்துக்கு இந்தப் பதிவுகள் போதிய ஆதரவு தரவில்லை. சிறிய மாநிலம், குறுகிய காலம், குறைந்த எண்ணிக்கை ஆகிய வரம்புகள் இந்த ஆய்வுக்கு உண்டு. ஆயினும், சூதாட்டப் பாதிப்பில் ஆளின் மனநிலையைப் போலவே இயந்திரம் இருக்கும் தொலைவுக்கும் பங்கு உண்டு என்பதற்குச் சான்றாக இது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

வருவாயும் சார்பும்

1995இல் பில் ஜான்க்லோ மீண்டும் ஆளுநராகப் பொறுப்பேற்றார். (அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சித் தலைவர், நம் நாட்டு ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்லர்.) அவ்வாண்டு அரசின் பங்கு பாதியாக உயர்ந்தது. அந்த வருவாய் சொத்து வரியைக் குறைப்பதற்கான நிதியில் சேர்க்கப்பட்டது.

இந்த ஏற்பாடு அரசியலின் கணக்கையே மாற்றியது. இயந்திரத்தில் ஆடாதவர்களும், ஆடுவதை வெறுப்பவர்களும்கூட, வீடும் நிலமும் வைத்திருந்தால் இப்போது அதன் பயனாளிகள். 2000களில் மாநிலத்தில் 8,000க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் இருந்தன. அரசின் பங்கு ஆண்டுக்கு 10 கோடி டாலரைத் தாண்டியது. வீடியோ லாட்டரியை நீக்கினால் அந்தத் தொகைக்கு எங்கே போவது என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் நீக்கும் முயற்சி தோற்றது. 2006இல் மீண்டும் தோற்றது. இம்முறை இன்னும் பெரிய வித்தியாசத்தில். 1994இல் குறுகிய பெரும்பான்மையில் தப்பிய ஒன்று, 12 ஆண்டுகளில் அசைக்க முடியாததாகிவிட்டது.

எதிர்பாராத ஒரு திசையிலிருந்து இவ்வருவாய்க்கு அடி விழுந்தது. 2010 நவம்பரில் மதுக்கூடங்களிலும் சூதாட்ட இடங்களிலும் புகைபிடிப்பதைத் தடை செய்யும் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றனர். அதன்பின் இயந்திர வருவாய் குறிப்பிடத்தக்க அளவு சரிந்தது. புகைப்பதற்காக எழுந்து வெளியே செல்பவர் ஆட்டத்தை நிறுத்தித்தான் செல்ல வேண்டும். சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த எழுதப்பட்ட விதிகள் செய்யாததை, நுரையீரலைக் காக்க எழுதப்பட்ட ஒரு விதி ஓரளவு செய்தது.

எதிர்த்திசையில் தென் கரோலினா

தெற்கு டகோட்டாவின் விதிகள் எவ்வளவு பயன் தந்தன என்பதை உணர, விதிகளே சரியாக இல்லாத ஒரு மாநிலத்தையும் பார்க்க வேண்டும். தென் கரோலினாவில் 1986ஆம் ஆண்டு வரவுசெலவு மசோதாவுக்குள் பலர் கவனிக்காத ஒரு சிறு மாற்றம் செருகப்பட்டது. வீடியோ விளையாட்டு இயந்திரத்தில் வென்றவருக்குக் கடைக்காரர் பணம் தருவதைத் தடுத்த சட்ட வாசகம் அதனால் தளர்ந்தது. இயந்திரமே பணத்தை வெளியே தள்ளாத வரை குற்றமில்லை என 1991இல் மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. மக்களிடம் கேட்காமலும் சட்டமன்றத்தில் வெளிப்படையாக விவாதிக்காமலும் ஒரு பெரும் சூதாட்டத் தொழில் பிறந்தது.

1993இல் சில விதிகள் வந்தன. ஓர் இடத்தில் 5 இயந்திரங்களுக்கு மேல் கூடாது. ஒருவருக்கு ஒரு நாளில் தரும் பணம் 125 டாலருக்கு மேல் கூடாது. நடைமுறையில் இவை மீறப்பட்டன. ஒரே கட்டடத்தைச் சுவர் எழுப்பிப் பல அறைகளாகப் பிரித்து, அறைக்கு 5 இயந்திரம் வீதம் வைத்தனர். கண்காணிக்க மையக் கணினி இல்லை. 1994இல் 12 மாவட்டங்கள் வாக்கெடுப்பில் இயந்திரங்களை வேண்டாம் என்றன. குற்றவியல் சட்டம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறக் கூடாது என்று கூறி நீதிமன்றம் 1996இல் அந்த முடிவுகளைச் செல்லாதவையாக்கியது. 1997இல், தாய் இயந்திரத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது காருக்குள் விடப்பட்ட பச்சிளங்குழந்தை வெப்பத்தால் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது.

1998 தேர்தலில் வீடியோ போக்கரை எதிர்த்த ஆளுநர் டேவிட் பீஸ்லி தோற்றார். அவருக்கு எதிராக இத்தொழிலின் பணம் பெருமளவில் பாய்ந்திருந்தது. 1999இல் இயந்திரங்கள் 30,000க்கு மேல். ஆண்டுப் பந்தயம் 200 கோடி டாலருக்கு மேல். அவ்வாண்டு நிறைவேறிய சட்டம், நவம்பரில் மக்கள் வாக்களித்து ஏற்றால் ஒழிய இயந்திரங்கள் 2000 ஜூலை 1 முதல் தடை செய்யப்படும் என்றது. சட்டமன்றம் தன் கடமையை வாக்கெடுப்பிடம் ஒப்படைக்க முடியாது என உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்பை மட்டும் நீக்கியது, தடை நிலைத்தது. குறித்த நாளில் இயந்திரங்கள் அகற்றப்பட்டன.

இரு மாநிலங்களையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலப்படும். தென் கரோலினாவில் விதிகள் பலவீனமானவை. அரசின் பங்கும் சிறியது. அதனால் சீர்கேடு பெருகியது. அதனாலேயே தடையும் சாத்தியமாயிற்று. தெற்கு டகோட்டாவில் விதிகள் உறுதியானவை, மோசடி அடங்கியது, அரசுக்கும் வருவாய் குவிந்தது. அந்த வருவாயே பின்னர் நீக்க முடியாத காரணமாயிற்று.

தேசிய ஆணையத்தின் கருத்து

அமெரிக்கக் காங்கிரஸ் 1996இல் அமைத்த தேசியச் சூதாட்டத் தாக்க ஆய்வு ஆணையம் 1999 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. மதுக்கூடம், பெட்ரோல் நிலையம், மளிகைக் கடை எனக் குடியிருப்புகளுக்கு அருகில் இயந்திரங்களை வைக்கும் முறையை அது தனியே எடுத்து ஆராய்ந்தது. இத்தகைய இயந்திரங்களுக்கு மாநிலங்கள் இனிமேல் அனுமதி தரக் கூடாது. ஏற்கெனவே உள்ளவற்றையும் படிப்படியாகத் திரும்பப் பெற வேண்டும் என்பது அதன் பரிந்துரை. பரிந்துரைக்குக் கட்டாயப்படுத்தும் ஆற்றல் இல்லாததால், பின்பற்றும் பொறுப்பு மாநிலங்களிடமே விடப்பட்டது. வருவாய் பெற்றுவந்த மாநிலங்கள் பெரும்பாலும் அதைப் பின்பற்றவில்லை.

மதிப்பீடு

தெற்கு டகோட்டாவின் ஒழுங்குமுறை தோல்வி என்று ஒரே சொல்லில் கூறிவிட முடியாது. இயந்திரத்தில் தில்லுமுல்லு இல்லை. கணக்கில் மறைப்பு இல்லை. சிறுவர்களைத் தடுக்கும் விதி இருந்தது. மக்களிடம் திரும்பத் திரும்பக் கருத்துக் கேட்கப்பட்டது. இவற்றுள் பல தென் கரோலினாவில் இல்லாதவை.

எனினும் ஒழுங்குமுறை என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் அடங்கியுள்ளன. ஆட்டம் நேர்மையாக நடக்கிறதா எனப் பார்ப்பது ஒன்று. ஆடுபவரைக் காப்பது மற்றொன்று. முதல் வேலையில் அரசின் நலனும் ஆடுபவரின் நலனும் ஒன்றே. ஏமாற்றப்படும் ஒவ்வொரு டாலரிலும் இருவருக்கும் இழப்பு. இரண்டாவது வேலையில் அவை எதிரெதிரானவை. ஒருவர் ஆட்டத்தை நிறுத்தி வீட்டுக்குப் போனால் அவருக்கு மிச்சம்; அரசுக்குக் குறைவு. தெற்கு டகோட்டா முதல் வேலையைச் செம்மையாகச் செய்தது; இரண்டாவதில் தயங்கியது.

1994இன் அந்த மூன்று மாதங்களில் சிகிச்சை மையங்களின் தொலைபேசிகள் ஓய்ந்திருந்தன. அரசின் கருவூலத்திலும் வரவு ஓய்ந்திருந்தது. இவ்விரண்டில் எதை முதலில் கவனிப்பது என்ற கேள்விக்கு அம்மாநில வாக்காளர்கள் அவ்வாண்டு நவம்பரில் ஒரு விடை அளித்தனர். சூதாட்ட வருவாயை நாடும் எந்த அரசும், அதன் மக்களும், ஒருநாள் அதே கேள்வியைச் சந்திக்க வேண்டியிருக்கும்.